குழந்தைக்கு மலேரியா: எந்த மருந்து, எத்தனை நாள்?

மதுரையில் மலேரியா இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற நோய் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டெங்கா, டைபாய்டா என்றுதான் முதலில் கேட்கிறோம். ஆனாலும் மழைக்காலம் முடிகிற சமயத்தில் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து எழுதிய சீட்டு ஒன்றிரண்டாவது என் மருந்துக் கடைக்கு வந்துவிடும். விசாரித்தால் பின்னால் ஒரு பயணம் இருக்கும். லீவுக்கு ராமேஸ்வரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்திருப்பார்கள். அப்பாவுக்குச் சென்னையில் கட்டட வேலையாக இருக்கும். அல்லது ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பமாக இருக்கும். தமிழ்நாட்டில் மலேரியாவுக்கு நெடுங்காலமாகப் பேர்போனவை சென்னையும் ராமேஸ்வரம் தீவு உள்ளிட்ட கடலோரப் பகுதிகளும்தான்.

சீட்டோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக இந்த மூன்றுதான். இந்தப் பழைய மருந்து போதுமா, புதுசாக எதுவும் இல்லையா? ஊசி போட்டுவிடலாமா? காய்ச்சல் நின்ற பிறகும் 14 நாள் மாத்திரை எதற்கு? மூன்றுக்கும் பதில் இருக்கிறது. முதல் இரண்டு கேள்விகளிலும் முடிவு டாக்டருடையது. மூன்றாவதில், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் முடிவு கடைசியில் வீட்டில்தான் எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் தவறாக எடுக்கப்படுகிறது என்பது என் கணிப்பு.

எதையும் ஒப்பிடுவதற்கு முன்னால் எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும். நம் பக்கம் அதிகம் வருவது வைவாக்ஸ். ஆபத்தானது ஃபால்சிபாரம், ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் காட்டுப் பகுதிகளில் அது அதிகம். இரண்டுக்கும் மருந்து வேறு, நாள் கணக்கு வேறு. விரலில் குத்தி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் பரிசோதனையில் கிருமியின் வகையும் எண்ணிக்கையும் தெரியும். கால் மணி, அரை மணியில் முடிவு காட்டும் அட்டைப் பரிசோதனையும் உண்டு. இரண்டு வகையையும் பிரித்துக் காட்டும் அட்டையாக இருந்தால் நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத் தடவல் இலவசம். பழைய ஆட்கள் மலேரியாவை முறைக்காய்ச்சல் என்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அந்த முறையெல்லாம் ஒழுங்காக வருவதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு, பால் குடிக்காமை என்று வேறு வேஷத்தில் வரும். ஆகவே 'முறை இல்லையே, மலேரியா இருக்காது' என்று நாமே தள்ளிவிடக் கூடாது. பரிசோதிக்காமல் குத்துமதிப்பாக மலேரியா மருந்து கொடுப்பதும் கூடாது.

சரி, வைவாக்ஸ் என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்ல இரண்டு வழிகள்: பழைய குளோரோகுயின், அல்லது ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து. குளோரோகுயின் இன்னும் வேலை செய்கிற ஊர்களில் இரண்டில் எதையும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய அரசின் 2013 மருந்துக் கொள்கை வைவாக்ஸுக்குக் குளோரோகுயினையே முதலில் வைக்கிறது. 'அந்த மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று படித்தேனே' என்று சிலர் கேட்பார்கள். அது உண்மைதான், ஆனால் அது ஃபால்சிபாரம் கதை. இந்தியாவில் அது முதலில் பதிவானது 1973இல், அசாமில். இங்கே வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் இன்னும் கேட்கிறது. விலை குறைவு, நாளுக்கு ஒரு வேளை, மூன்றே நாள். புது மருந்து என்பதற்காக மாற்றிக் கேட்க ஒரு காரணமும் இல்லை.

குளோரோகுயினின் உண்மையான தொல்லை வேறு இரண்டு. ஒன்று கசப்பு. மூன்று வயதுப் பிள்ளை முதல் வாயிலேயே துப்பிவிடும்; இரண்டாம் நாள் ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்ளும். மாத்திரையை நுணுக்கி, மசித்த வாழைப்பழத்திலோ சர்க்கரைப் பாகிலோ குழைத்து, சாப்பாடு கொஞ்சம் உள்ளே போன பிறகு கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். கைக்குழந்தைக்குப் பாலாடையில் கலக்கிக் கொடுக்கலாம். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் மட்டும் வேண்டாம், அப்பத்தா எவ்வளவு சொன்னாலும். கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டால் அந்த வேளை மருந்து போனது மாதிரிதான். டாக்டரிடம் கேட்டு மறுபடி கொடுக்க வேண்டும். அதையும் வாந்தி எடுத்தால் வீட்டில் வைத்துப் பார்க்கிற காரியம் இல்லை.

இரண்டாவது தொல்லை அளவு. அட்டையில் 250 மி.கி. என்று அச்சடித்திருக்கும். அது குளோரோகுயின் பாஸ்பேட்டின் எடை. அதற்குள் இருக்கும் அசல் மருந்து 150 மி.கி. டாக்டர் கணக்குப் போடுவது இந்த 150ஐ வைத்து: முதல் நாள் கிலோவுக்கு 10 மி.கி., இரண்டாம் நாள் 10, மூன்றாம் நாள் 5. சிரப்புகளிலும் இதே இரட்டைக் கணக்கு உண்டு. கம்பெனி மாறினால் 5 மில்லியில் இருக்கும் அளவும் மாறலாம். பக்கத்து வீட்டில் மிச்சமான பாட்டிலை வாங்கி 'ஒரு மூடி' என்று ஊற்றுவது, குளோரோகுயினைப் பொறுத்தவரை, விளையாட்டு இல்லை. அளவு கூடினால் இதயத்தைப் பாதிக்கிற மருந்து அது.

வயதை வைத்து அளவு சொல்லும் அரசு அட்டவணையும் ஒன்று உண்டு. ஒன்று முதல் நான்கு வயது வரை ஒரு மாத்திரை, ஒரு மாத்திரை, அரை மாத்திரை. தராசு இல்லாத இடத்தில் களப்பணியாளர் சட்டென்று கொடுக்க வசதியாகப் போட்டது. ஆனால் அந்த நான்கு வருஷத்துக்குள் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். எட்டு கிலோ இருக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கு அந்த ஒரு மாத்திரை கிலோவுக்குக் கிட்டத்தட்ட 19 மி.கி.; பதினாறு கிலோ இருக்கும் நான்கரை வயதுப் பிள்ளைக்கு 10ஐக்கூடத் தொடாது. அதனால் தராசு இருக்கிற ஊரில் எடையைப் பார்த்து எழுதிய சீட்டுதான் மேல். சீட்டில் குழந்தையின் எடை எழுதியிருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

இனி அந்த 14 நாள்.

வைவாக்ஸ் கிருமி ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. அதில் ஒரு பங்கு ஈரலில் போய்த் தூங்குகிறது. குளோரோகுயினுக்கு அங்கே வேலை இல்லை. காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடும், பிள்ளை தெருவில் ஓட ஆரம்பிக்கும், ஆனால் சில வாரம் கழித்தோ சில மாதம் கழித்தோ, கொசு எதுவும் கடிக்காமலே அதே காய்ச்சல் எழுந்து வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் ரத்தம் குறையும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள குழந்தைகள் நம்மிடம் ஏராளம். ஈரலில் தூங்குவதைக் கொல்ல இருப்பது பிரைமாகுயின்: கிலோவுக்கு 0.25 மி.கி., தினம் ஒரு வேளை, 14 நாள்.

இங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது. காய்ச்சல் நின்ற பிள்ளைக்கு, சிணுங்கச் சிணுங்க, இன்னும் பத்து நாளைக்கு மேல் மாத்திரை. ஒரு அப்பா பாதிக்கு மேல் மாத்திரை மிச்சமிருந்த அட்டையைக் கொண்டுவந்து, 'அண்ணே, பிரிக்கவே இல்லை, திருப்பி எடுத்துக்குவீங்களா?' என்று கேட்டார். அவர் கணக்கில் அது மிச்சம். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால், 'சூப்பரா இருக்கான்'. அவரிடம் ஈரல் கதையை முழுக்கச் சொல்லி, டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லி அட்டையைக் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் பிரைமாகுயினைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்கவும் முடியாது. ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். தாய் வழியாக வருவது. ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம் வெளிப்படும். அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்த மாத்திரை தினமும் போனால் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், முகம் வெளிறும், மூச்சு வாங்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அடுத்த மாத்திரை கிடையாது, நேராக ஆஸ்பத்திரி. இந்தக் குறையைத் தொடங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மதுரையில் தனியார் லேப்களில் செய்கிறார்கள். 14 நாள் மாத்திரைக்கு முன்னால் இந்தச் செலவு வீண் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரே ஒரு எச்சரிக்கை: சிவப்பணு உடைந்து முடிந்த சூட்டிலோ, ரத்தம் ஏற்றிய கையோடோ எடுத்தால், குறை இருந்தும் 'சரியாக இருக்கிறது' என்று முடிவு வரக்கூடும்.

குறை இருக்கிறது என்று தெரிந்தால்? இந்தியக் கொள்கை, கொடுக்காதே என்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு மாற்று வைத்திருக்கிறது: வாரம் ஒரு முறை கிலோவுக்கு 0.75 மி.கி., எட்டு வாரம், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில். இதை வீட்டு முடிவாக யாரும் எடுக்கக் கூடாது. அதேபோல ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நம் நாட்டில் பிரைமாகுயின் இல்லை. உலக அளவில் அந்த எல்லை ஆறு மாதம். எட்டு மாதக் குழந்தைக்கு டாக்டர் எழுதாமல் விட்டால் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குழந்தைக்குக் குளோரோகுயின் மட்டும் கொடுத்துவிட்டு, காய்ச்சல் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பதினான்கு நாளைக் குறைக்க வழியே இல்லையா? இரண்டு உண்டு. பிரைமாகுயினையே நாளுக்கு, கிலோவுக்கு 0.5 மி.கி.யாக இரட்டித்து ஏழு நாளில் முடிப்பது ஒன்று. மொத்த அளவு அதேதான், கிலோவுக்கு 3.5 மி.கி. ஏழு நாள் என்றால் வீடுகள் முடித்துவிடும் என்பதே இதன் பலம். நாள்தோறும் போகிற அளவு இரட்டிப்பு என்பதால், நொதிக் குறை உள்ள குழந்தை தெரியாமல் மாட்டிக்கொண்டால் சேதமும் வேகமாக நடக்கும் என்பதே பலவீனம். பரிசோதனை இல்லாமல் இதைத் தொடவே கூடாது. மற்றது டஃபெனோகுயின்: ஒரே வேளை, முடிந்தது. ஆஸ்திரேலியா 2022இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட, பத்து கிலோவுக்குக் குறையாத குழந்தைகளுக்கு அனுமதித்தது. ஆனால் இது உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். பிரைமாகுயினில் தவறு நடந்தால் நாளைய மாத்திரையை நிறுத்தலாம். இதில் நிறுத்த ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் நொதி அளவை எண்ணாகச் சொல்லும் பரிசோதனை கட்டாயம். இன்றைக்கு ஒரு மதுரை வீட்டுக்கு நடைமுறையில் உள்ளது 14 நாள்தான். அதை நடத்திக் காட்ட என் யோசனை எளிது. இரவுச் சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு வலிக்கும். தினசரிக் காலண்டரில் 14 தாள்களிலும் முதல் நாளே பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள். மாத்திரை கொடுக்காமல் அன்றைய தாளைக் கிழிக்கக் கூடாது. தாள் கிழிக்கிற வேலையைப் பிள்ளையிடமே விட்டால் அதுவே வந்து கேட்கும். சின்னக் குழந்தைக்கென்றே 2.5 மி.கி. மாத்திரை உண்டு. 7.5ஐ வாங்கிக் கத்தியால் மூன்றாக வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஃபால்சிபாரம் என்றால் மொத்தக் கணக்கும் மாறும். இங்கே குளோரோகுயின் பேச்சே இல்லை. ஆர்ட்டிமிசினின் வகை சேர்ந்த இரண்டு கூட்டு மருந்துகளுக்குள் தேர்வு. 2013 கொள்கைப்படி வடகிழக்கு மாநிலங்கள் தவிர்த்த இந்தியாவுக்கு ஆர்ட்டிசுனேட்டும் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் என்ற சல்ஃபா மாத்திரையும். வடகிழக்கில் சல்ஃபடாக்சினுக்கு எதிர்ப்பு வளர்ந்துவிட்டதால் அங்கே ஆர்ட்டிமீதர்-லூமிஃபேன்ட்ரின். முதலாவது வயதுவாரியாக நிறம் பிரித்த அட்டையில் வரும். ஒன்று முதல் நான்கு வயதுக்கு மஞ்சள். பன்னிரண்டு கிலோ குழந்தை என்றால் நாளுக்கு ஒரு 50 மி.கி. ஆர்ட்டிசுனேட், மூன்று நாள். கூடவே முதல் நாள் மட்டும் அந்த சல்ஃபா மாத்திரை ஒன்று. நாளுக்கு ஒரே வேளை என்பதால் வீட்டுக்கு எளிது. சல்ஃபா ஒவ்வாத குழந்தைக்கு ஆகாது. முன்பு எப்போதாவது சல்ஃபா மருந்தால் உடம்பில் தடிப்பு வந்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவதான ஆர்ட்டிமீதர்-லூமிஃபேன்ட்ரின், குழந்தைக்கென்றே தண்ணீரில் கரையும் இனிப்பு மாத்திரையாக 2009 முதல் இருக்கிறது. அதே பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு வேளைக்கு ஒன்று, மூன்று நாளில் ஆறு வேளை. முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, அப்புறம் காலை, மாலை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டும், விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, கொழுப்பு இல்லாமல் இது உடம்பில் ஏறாது. தாய்ப்பாலோ, கொழுப்பு எடுக்காத பாலோ கூடவே போக வேண்டும். காய்ச்சல் பிள்ளைக்குப் பால் கொடுக்காதே என்று கஞ்சித் தண்ணீரோடு நிறுத்துகிற வீட்டில் இந்த மருந்து பாதி வீணாகும். பிள்ளை துப்புகிற ஆள் என்றால் நான் கரையும் மாத்திரையைத்தான் விரும்புவேன். வீட்டில் இரவில் விழித்து நேரம் பார்க்க ஆள் இல்லை என்றால் மஞ்சள் அட்டை மேல். எதுவானாலும் கூட்டு மருந்தாக இருக்க வேண்டும். தனி ஆர்ட்டிசுனேட் மாத்திரை மட்டும் கொடுப்பது எதிர்ப்பை வளர்க்கும் என்பதால் இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

ஃபால்சிபாரத்துக்கும் ஒரே ஒரு வேளை பிரைமாகுயின் எழுதுவார்கள். அது இந்தக் குழந்தைக்காக இல்லை. கொசு வழியாகப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போகாமல் இருக்க. நம் வீடுகளில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிற அனாபிலஸ் கொசு இருக்கிற வரை அந்த ஒரு வேளைக்கு அர்த்தம் உண்டு.

ஊசிக்கு வருவோம். 'ஊசி ஒண்ணு போட்டுவிட்டா சட்டுனு கேக்கும்ல தம்பி?' என்று கேட்காத அப்பத்தா மதுரையில் இல்லை. மலேரியாவில் ஊசிக்கு என்று தனி இடம் இருக்கிறது, அது முற்றிய நோய். பிள்ளைக்கு வலிப்பு வந்தால், நினைவு மங்கினால், உட்கார முடியாமல் சாய்ந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், உள்ளே போவதெல்லாம் வாந்தியானால், மூச்சு இழுத்தால், சிறுநீர் கறுத்தால், உள்ளங்கை வெளுத்துப்போனால் மாத்திரை பற்றி யோசிக்கவே வேண்டாம். 108ஐ அழைத்துப் பெரியாஸ்பத்திரிக்கோ ஐசியு உள்ள இடத்துக்கோ போக வேண்டியதுதான். வைவாக்ஸும் இப்படி முற்றலாம்.

அங்கே தேர்வு ஆர்ட்டிசுனேட் ஊசிக்கும் குயினைனுக்கும் இடையில். இதில் தயக்கத்துக்கு இடமே இல்லை. ஆப்பிரிக்காவின் ஒன்பது நாடுகளில் 5,425 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. குயினைன் பெற்றவர்களில் 10.9 விழுக்காடு இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 8.5. குயினைன் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும், மெதுவாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், இதயத்தைக் கவனிக்க வேண்டும். ஆர்ட்டிசுனேட்டில் அந்தத் தொல்லைகள் குறைவு; நரம்பிலோ தசையிலோ போடலாம். இருபது கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மி.கி., பெரியவர்களைவிடச் சற்றுக் கூட: சேர்த்ததும் ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24இல் ஒன்று, பிறகு தினம் ஒன்று. பிள்ளை வாய் வழியாக எடுக்கத் தொடங்கியதும் கூட்டு மாத்திரையை முழுக்க மூன்று நாள் கொடுத்தே தீர வேண்டும். ஊசியோடு வீட்டுக்குப் போனால் கிருமி திரும்பும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அடுத்த நான்கு வாரம் ரத்த அளவைப் பார்க்கச் சொல்வார்கள். இந்த ஊசிக்குப் பின் சிலருக்குத் தாமதமாகச் சிவப்பணு உடைவதுண்டு. குயினைன் என்பது ஆர்ட்டிசுனேட் கிடைக்காத இடத்துக்கு மட்டும். குளோரோகுயினிலும் ஊசி உண்டு. சிறு குழந்தைகளுக்கு ரத்த அழுத்தத்தைச் சட்டென இறக்கிவிடும் என்பதால் அதை யாரும் கேட்டு வாங்க வேண்டாம்.

தடுப்பூசி பற்றியும் கேட்கிறார்கள். ஆர்21 தடுப்பூசி புனேவில்தான் தயாராகிறது என்பது பெருமைதான். ஆனால் அது ஃபால்சிபாரத்துக்கு எதிரானது. நம் ஊர் வைவாக்ஸுக்குப் பயனில்லை.

கடைசியாக, ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்துக் காய்ச்சல் மறுபடி வந்தால் என்ன செய்வது. முதல் வேலை மறுபடி ரத்தத் தடவல், டெங்குவாகவும் இருக்கலாம். அது தெரிகிற வரை காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ வேண்டாம். மறுபடி வைவாக்ஸ் என்றால் பல வீடுகளில் 'அந்த மருந்து கேக்கலை, ஸ்ட்ராங்கா வேற கொடுங்க' என்பார்கள். டாக்டரிடம் அப்போது சொல்ல வேண்டியது வேறு: போன முறை பிரைமாகுயின் எத்தனை நாள் போனது, பாதியில் நின்றதா, ஜி6பிடி பார்த்தீர்களா, இப்போது எடை எவ்வளவு. ஆறு நாளில் நின்றிருந்தால் அநேகமாக மறுபடி குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் முழு 14 நாள் என்றுதான் சீட்டு வரும். பழைய அட்டை வீட்டில் கிடந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை மிச்சம் என்பதை அவரே எண்ணிக்கொள்வார்.